முனகும் மோட்டாரும் பகா எண்ணும்

ஒரே வீடு, ஒரே கரண்ட். எல்.இ.டி. விளக்கு பளிச்சென்று எரிகிறது, டிவி ஓடுகிறது, செல்போனில் சார்ஜ் ஏறுகிறது. கிரைண்டரைப் போட்டால் மட்டும் அது ஒரு முனகு முனகிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறது. புதுச்சேரி உப்பளத்தில், கத்திரி வெயில் காலத்து இரவில், தெருவிலுள்ள ஏசிகள் எல்லாம் ஒன்றாக ஓடத் தொடங்கும் நேரத்தில் இப்படி நடந்தால் யாரும் வியப்பதில்லை. "லோ வோல்டேஜ்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

அது பாதி விடைதான். மீதி விடை மோட்டாருக்குள் இருக்கிறது. அங்கே இருப்பது நாம் ஆறாம் வகுப்பில் படித்த கணக்கு: காரணிகள், பகா எண்கள், மீச்சிறு பொது மடங்கு. முதலில் தெருவில் வோல்டேஜ் எங்கே தொலைகிறது என்று தேடுவோம். பிறகு மோட்டாரைத் திறந்து பார்ப்போம்.

230 எங்கே போகிறது?

இந்தியாவில் வீட்டு மின்சாரத்தின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். பிரான்ஸிலும் அதேதான். அதனால் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் கொண்டுவரும் காபி மெஷின் புதுச்சேரியில் பிளக்கை மட்டும் மாற்றினால் ஓடிவிடும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட் மிக்ஸியை அப்படி மாட்டினால் புகைதான் வரும்.

230 என்பது பெயரளவுதான். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 54ஆம் விதி, வீட்டு இணைப்புக்கு மேலேயும் கீழேயும் 6 சதவீதம் வரை விலக அனுமதித்தது. 230இல் கணக்கிட்டால் ஏறத்தாழ 216 முதல் 244 வரை. இந்த அளவு பொருந்துவது மின்சாரம் உங்கள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில். மீட்டரைத் தாண்டி உங்கள் சமையலறை பிளக் பாயின்ட் வரை தொலைவதற்கு வீட்டு வயரிங்தான் பொறுப்பு.

புதுச்சேரிக்குச் சொந்தமாகக் காரைக்காலில் 32.5 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் ஒன்று உண்டு. ஆனால் தேவையின் பெரும்பகுதி நெய்வேலி போன்ற மத்திய அரசு மின் நிலையங்களிலிருந்துதான் வருகிறது. வில்லியனூரில் 230 கிலோவோல்ட், மரப்பாலத்தில் 110 கிலோவோல்ட் என்று துணை மின் நிலையம்தோறும் படிப்படியாக இறங்கி, கடைசியில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வருகிறது. அந்த டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையில் 433 என்ற எண்ணைப் பார்க்கலாம். அது இரண்டு ஃபேஸ்களுக்கு இடையிலான அழுத்தம். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே என்றால் 433ஐ 3இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்: 250 வோல்ட். வழியில் கொஞ்சம் தொலையும் என்று தெரிந்தேதான் 20 வோல்ட் கூடுதலாக வைத்து அனுப்புகிறார்கள்.

அது எப்படித் தொலைகிறது? மின்கம்பத்தில் ஓடும் அலுமினியக் கம்பிகளுக்கு மின்வாரியங்களில் மிருகப் பெயர்கள் உண்டு: ஸ்குவிரல், வீசல், ராபிட், டாக், பாந்தர், கனத்த உயர் அழுத்த லைன்களுக்கு மூஸ். அணிலில் தொடங்கிக் காட்டுமான் வரை, மிருகம் பெருக்கப் பெருக்கக் கம்பி தடிக்கும். வீசல் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 ஓம் மின்தடை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 400 மீட்டர் தள்ளி உங்கள் வீடு, அந்தக் கம்பியில் 60 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.36ஐ 60ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 22 வோல்ட். முழுச்சுமையில் டிரான்ஸ்ஃபார்மரே 240 ஆகச் சரிந்திருந்தால் உங்கள் மீட்டருக்கு வருவது 218. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழேயே வீடு உள்ளவருக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது. லைனின் கடைசி வீட்டுக்காரருக்குத் தினமும் தெரியும்.

வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 20 மீட்டர் போய்த் திரும்ப 20 மீட்டர் வந்தால் அதன் மின்தடை 0.7 ஓம். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது சுமார் 4 ஆம்பியர், இழப்பு 3 வோல்ட்கூட இல்லை. ஆனால் கிளம்பும் அந்த நொடியில் அது ஐந்து மடங்கு இழுக்கும். 20 ஆம்பியருக்கு 14 வோல்ட் போய்விடும். மோட்டாருக்கு அதிக வலு வேண்டிய அதே நொடியில்தான் அதன் வாயில் விழும் வோல்டேஜும் மிகக் குறைகிறது.

கடலோர ஊருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. துறைமுகப் பக்கத்து உப்புக்காற்று, அலுமினியக் கம்பியும் செம்பு வயரும் சேரும் இணைப்புகளை அரிக்கும். அரித்த இணைப்பில் அரை ஓம் தடை உண்டானால், 10 ஆம்பியர் ஓடும்போது 5 வோல்ட்தான் குறையும். அதைப் பெரிதாக யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரே புள்ளியில் 50 வாட் வெப்பம் வெளியேறுகிறது. ஒரு சால்டரிங் அயர்னை பிளக் பாயின்ட்டுக்குள் சொருகி வைத்தது மாதிரி. பவர் பிளக்கின் ஒரு துளை மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகிய வாடை வந்தால் காரணம் இதுதான்.

அதே அரிப்பு தெரு நியூட்ரலை அறுத்துவிட்டால் நிலைமை வேறு. வெவ்வேறு ஃபேஸில் உள்ள இரண்டு வீடுகள், திரும்பும் வழி இல்லாமல், 400 வோல்ட்டைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு வீட்டில் 1000 வாட், மற்றதில் 200 வாட் சுமை என்றால், அதிகம் இழுத்த வீட்டுக்கு 67 வோல்ட், குறைவாக இழுத்த வீட்டுக்கு 333 வோல்ட். முதல் வீட்டுக்காரர் லோ வோல்டேஜ் என்று புலம்பும்போது இரண்டாம் வீட்டில் டிவி வெடிக்கும். ஒரு அறை விளக்கு மங்கி இன்னொரு அறை விளக்கு பிரகாசமாவதைக் கண்டால் யோசிக்க நேரமில்லை, உடனே மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

விளக்கு பொறுக்கும், மோட்டார் பொறுக்காது

பழைய மஞ்சள் பல்பு நல்ல வோல்ட்மீட்டர். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் அதன் ஒளி சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். "டிம்மா எரியுது" என்று சொன்ன தலைமுறைக்கு வேறு கருவி தேவைப்படவில்லை. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றுக்குள் இருக்கும் டிரைவர், வோல்டேஜ் இறங்கினால் கரண்டைக் கூட்டி இழுத்து ஒளியைக் காப்பாற்றிவிடுகிறது. செல்போன் சார்ஜரும் டிவியும் அப்படியே. ஆகவே வோல்டேஜ் குறைந்திருக்கிறது என்று இப்போது முதலில் வீட்டுக்குச் சொல்வது மோட்டார்தான்.

நம் கிரைண்டர், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், பழைய மின்விசிறி ஆகியவற்றில் பெரும்பாலும் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதில் வெளிப்பாகம் ஸ்டேட்டர், அசையாதது, செம்புக் காயில் கட்டப்பட்டது. உட்பாகம் ரோட்டார், அதற்குள் எந்த வயரும் போவதில்லை. மின்விசிறியில் மட்டும் இது தலைகீழ், வெளிப்பாகம் சுற்றும். ஸ்டேட்டரின் காந்தப்புலம் சுழலும்போது ரோட்டாரின் அலுமினியக் கட்டைகளில் கரண்ட் தூண்டப்படுகிறது. அந்தக் கரண்டும் அந்தக் காந்தப்புலமும் மோதுவதில்தான் சுழற்சி பிறக்கிறது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. வோல்டேஜ் குறைந்தால் காந்தப்புலம் அதே விகிதத்தில் குறையும். காந்தப்புலம் குறைந்ததால் தூண்டப்படும் கரண்டும் குறையும். குறைந்த இரண்டையும் பெருக்கித்தான் முறுக்குவிசை. எனவே அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 200 வோல்ட் வந்தால் முறுக்குவிசை 76 சதவீதம், 180 வந்தால் 61, 160 வந்தால் பாதிக்கும் கீழே, 48 சதவீதம். வோல்டேஜில் முப்பது சதவீதம் போனால் வலுவில் பாதி போய்விட்டது.

ஊறிய உளுந்தோடு நிற்கும் கல்லுக்கோ இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அதைப் புரட்ட 230 வோல்ட்டில் எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவுதான் 180 வோல்ட்டிலும் வேண்டும். மோட்டார் புரட்ட முடியாமல் நிற்கிறது. நிற்கும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல நாலைந்து மடங்கு இழுக்கிறது. வெப்பம் கரண்டின் வர்க்கத்தோடு ஏறுவதால், காயிலின் வார்னிஷ் சில நிமிடங்களிலேயே கருகத் தொடங்கும். "காயில் போயிடுச்சு" என்று மெக்கானிக் சொல்லும் வாக்கியத்தின் பின்கதை இதுதான்.

பல்லும் பல்லும் பார்த்துக்கொண்டால்

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை எதற்காவது போனால் பிரித்துப் போட்ட மோட்டார்களைப் பார்க்கலாம். ஸ்டேட்டரின் உட்புறத்தில் வரிசையாக ஸ்லாட்டுகள், அவற்றுக்குள் காகிதம் சொருகிச் செம்புக் காயில். இரண்டு ஸ்லாட்டுக்கு இடையே நிற்கும் இரும்புதான் பல். காயில் கட்டுகிறவர் முதலில் எண்ணுவது ஸ்லாட்டைத்தான்: 24 ஸ்லாட், 36 ஸ்லாட், 48 ஸ்லாட். ரோட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் உடலிலும் கோடு கோடாக ஸ்லாட்டுகள், உள்ளே உருக்கி ஊற்றிய அலுமினியம். அந்தக் கோடுகள் நேராக இல்லாமல் லேசாகச் சாய்ந்திருக்கும். அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருவோம்.

ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் இடையே உள்ள காற்றிடைவெளி சிறிய மோட்டாரில் அரை மில்லிமீட்டர் அளவுதான். காந்தப்புலத்துக்குக் காற்று பிடிக்காது, இரும்பு பிடிக்கும். ஸ்டேட்டரின் பல்லுக்கு நேர் எதிரே ரோட்டாரின் பல் நிற்கும் நிலையில் அதற்கு வழி மிகச் சுலபம். எனவே அந்த நிலையிலேயே ரோட்டாரைப் பிடித்து வைக்கப் பார்க்கும். இந்தப் பிடிப்புக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் காகிங். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் மோட்டார் கிளம்ப மறுப்பதற்கு மின்பொறியியல் பாடநூல்கள் சொல்லும் காரணங்களில் இது ஒன்று. வோல்டேஜ் இறங்கினால் பிடிப்பும் கொஞ்சம் தளரும்தான். ஆனால் கிளப்பும் விசையும் சேர்ந்தே தளர்கிறது, பேரிங்கின் உராய்வும் மாவின் கனமும் தளர்வதில்லை. மிச்சமிருக்கும் கொஞ்ச விசையையும் இந்தப் பிடிப்பு தின்றுவிட்டால் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும்.

இனி எண்கள். எளிமைக்காகப் பல்லின் நடுக்கோடுகளை மட்டும் கவனிப்போம். ஸ்டேட்டரில் 24 பல், ரோட்டாரிலும் 24 பல் என்றால்? ஒரு ஜோடி நேருக்கு நேர் வந்ததும் 24 ஜோடியும் வந்துவிடும். 24 பிடிகளும் ஒரே நேரத்தில் இறுகும். ஒரு முழுச் சுற்றில் இப்படிப் பூட்டிக்கொள்ளும் நிலைகள் 24. ஒவ்வொன்றுக்கும் இடையே 15 பாகை.

ரோட்டாரில் 30 பல் வைத்துப் பாருங்கள். 24க்கும் 30க்கும் மீப்பெரு பொதுக் காரணி 6. ஒரே நேரத்தில் நேராக வருவது 6 ஜோடிதான். பூட்டும் நிலைகள் ஒரு சுற்றுக்கு 120. அதுவே அவற்றின் மீச்சிறு பொது மடங்கு.

இப்போது 31 வையுங்கள். 31 பகா எண், 1ஐயும் தன்னையும் தவிர அதற்கு வேறு காரணி கிடையாது. 24க்கும் அதற்கும் பொதுவானது 1 மட்டுமே. எந்த நிலையிலும் ஒரே ஒரு ஜோடிதான் நேராக நிற்க முடியும். பூட்டும் நிலைகள் 744ஆகப் பெருகிவிடும், ஆனால் ஒவ்வொன்றும் இருபத்துநான்கில் ஒரு பங்கு வலுதான். அடுத்த நிலைக்கு அரைப் பாகைகூட இல்லை. பிடி அங்கங்கே சிதறிப்போய்ச் செயலிழந்துவிடுகிறது.

பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரு சூத்திரம் இங்கே இரும்பில் நிற்கிறது. இரண்டு எண்களின் பெருக்கற்பலன், அவற்றின் மீப்பெரு பொதுக் காரணியையும் மீச்சிறு பொது மடங்கையும் பெருக்கினால் வருவதற்குச் சமம். 24 பல்லும் 31 பல்லும் ஒரு சுற்றில் 744 சந்திப்புகளை நடத்தியே ஆக வேண்டும். அதை எண்ணால் குறைக்க முடியாது. ஆனால் அந்தச் சந்திப்புகள் கூட்டம் கூட்டமாக நடக்குமா, ஒவ்வொன்றாக நடக்குமா என்பதை மட்டும் நாம் தீர்மானிக்கலாம்.

இதற்கு ரோட்டார் எண் பகா எண்ணாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 24க்கு 25 வைத்தாலும் பொதுக் காரணி 1தான். இப்படிப்பட்ட ஜோடியைச் சார்பகா எண்கள் என்கிறோம். பகா எண்ணின் வசதி என்னவென்றால், தன் மடங்காக இல்லாத எந்த எண்ணோடும் அது சார்பகாவாகவே இருக்கும். எதிரே 24 இருந்தாலும் 36 இருந்தாலும் 48 இருந்தாலும் 31க்குக் கவலையில்லை.

ராமானுஜனின் எண்கள் ஸ்டேட்டரில்

அப்படியானால் ஸ்டேட்டருக்கும் பகா எண்ணையே வைத்துவிடலாமே? முடியாது. மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஸ்லாட்டுகளை மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். நாலு துருவ மோட்டார் என்றால் ஒவ்வொரு பங்கையும் மறுபடி நாலாகப் பிரிக்க வேண்டும். அதாவது 12ஆல் வகுபட வேண்டும். அதனால்தான் 24, 36, 48. பெயர்ப்பலகையில் 1440 ஆர்.பி.எம். என்று போட்டிருந்தால் அது நாலு துருவ மோட்டார்: 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும், ரோட்டார் கொஞ்சம் பின்தங்கி ஓடும். வீட்டு ஒற்றை ஃபேஸ் மோட்டாரிலும் ஓடும் காயில், ஸ்டார்ட் காயில், துருவங்கள் என்று பங்கீடு உண்டு. அங்கேயும் 24, 36 அடிக்கடி வரும்.

கும்பகோணத்தில் படித்து, சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்து, 1914இல் கேம்பிரிட்ஜ் போன ராமானுஜன், அடுத்த ஆண்டே லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் கொண்ட எண்கள் பற்றியது அது. 12க்கு 6 காரணிகள். 24க்கு 8. 36க்கு 9. 48க்கு 10. பகா எண்ணுக்கு நேர் எதிர்முனையில் நிற்கும் எண்கள் இவை. ராமானுஜன் மோட்டாரை நினைத்து எழுதவில்லை. ஆனால் அவர் பட்டியலில் அடுத்தடுத்து வரும் 12, 24, 36, 48 ஆகிய எண்களைக் காயில் கட்டும் கடைக்காரர் தினமும் விரலால் எண்ணுகிறார். சமமாகப் பங்கிட வேண்டிய இடத்தில் காரணி நிறைந்த எண்ணும், ஒத்துப்போகவே கூடாத இடத்தில் காரணி வறண்ட எண்ணும் வேண்டும். ஒரே மோட்டாரின் வெளியிலும் உள்ளேயும் இந்த இரண்டு வகைக் கணக்கும் எதிரெதிரே நிற்கின்றன.

பகா எண்ணுக்கு ஒரு விலை

நடைமுறையில் 24க்கு 23 என்றோ 31 என்றோ வைத்த மோட்டாரைவிட, 24க்கு 22 அல்லது 30, 36க்கு 28 என்று வைத்தவைதான் அதிகம் கண்ணில் படும். காரணம் இதே கணக்கில் இருக்கிறது. பொதுக் காரணி 1 என்றால் எந்த நொடியிலும் ஒரே ஒரு ஜோடிப் பல்தான் நேராக நிற்கும். அதாவது காந்த இழுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. ரோட்டார் சுற்றச் சுற்ற அந்தச் சாய்வும் சுற்றி வரும். மோட்டார் இரையும், அதிரும், பேரிங் தேயும். 22 வைத்தால் பொதுக் காரணி 2. இரண்டு ஜோடிகளும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதால் இழுப்பு ஒன்றையொன்று சமன் செய்யும். பூட்டும் நிலைகள் 264, பிடி போதிய அளவு சிதறிவிடுகிறது. 22ஐப் பிரித்தால் 2, 11. பகா எண்ணை விட்டுவிடவில்லை, அதை இரட்டிப்பாக்கிக்கொண்டார்கள்.

மிச்சமிருக்கும் பிடிப்பை அழிக்கத்தான் ரோட்டார் கோடுகளின் அந்தச் சாய்வு. ஒரு பல்லின் ஒரு முனை நேராக வரும்போது மறுமுனை ஸ்லாட்டுக்கு எதிரே நிற்கும். ஏறத்தாழ ஒரு ஸ்லாட் அகலத்துக்குச் சாய்த்தால் போதும். கோவையில் டி. பாலசுந்தரமும் ஜி.டி. நாயுடுவும் 1937இல் இந்தியாவிலேயே மோட்டார் செய்து காட்டிய காலத்திலிருந்து, தமிழ்நாட்டின் மோட்டார்களும் பம்புகளும் கிரைண்டர்களும் இந்த விதிகளுக்குள்தான் உருவாகி வருகின்றன.

புதிய பி.எல்.டி.சி. மின்விசிறிகளில் கணக்கு வேறு வடிவத்தில் வருகிறது. அங்கே ரோட்டாரில் நிரந்தரக் காந்தங்கள். வடக்கு, தெற்கு என்று மாறி மாறி ஒட்ட வேண்டியிருப்பதால் அந்த எண்ணிக்கை இரட்டையாகத்தான் இருக்க முடியும். இரட்டைப் படையில் உள்ள ஒரே பகா எண் 2, ஆகவே இங்கே நேரடியாகப் பகா எண்ணை வைக்க வழியில்லை. 12 ஸ்லாட்டுக்கு 14 காந்தம் என்பது இத்தகைய மோட்டார்களில் பிரபலமான ஜோடி. 14 என்பது 2, 7. மறுபடியும் இரட்டிப்பான பகா எண், மறுபடியும் பொதுக் காரணி 2.

முனகினால் என்ன செய்வது?

மோட்டார் முனகினால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. கல்லைக் கையால் தள்ளிவிட்டுப் பார்ப்பது வேண்டாம், கிளம்பினால் விரலுக்கு ஆபத்து. அடுத்து, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு மல்டிமீட்டரில் இரண்டு இடங்களில் அளக்கச் சொல்லுங்கள்: மீட்டருக்கு அடுத்துள்ள மெயினிலும், அந்த பிளக் பாயின்ட்டிலும். ஒருமுறை சுமை இல்லாமல், ஒருமுறை சுமையோடு. மெயினிலேயே 216க்குக் கீழே இருந்தால் தெரு லைன் விவகாரம், மின்துறையில் புகார் கொடுக்க வேண்டும். மெயினில் சரியாக இருந்து பிளக்கில் மட்டும் சரிந்தால் வீட்டு வயரிங், தளர்ந்த ஸ்க்ரூ, மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயர். இரண்டிலும் வோல்டேஜ் சரியாக இருந்தும் மோட்டார் கிளம்பாவிட்டால், ஒற்றை ஃபேஸ் மோட்டாரைக் கிளப்ப உதவும் கண்டென்சர் சந்தேகத்துக்குரியது. அது வலுவிழந்தால் காட்டும் அறிகுறிகள் லோ வோல்டேஜ் போலவே இருக்கும்.

ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. 1000 வாட் சுமைக்கு 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் போதும். தெருவில் 180தான் வருகிறது, ஸ்டெபிலைசர் அதை 230 ஆக்குகிறது என்றால், தெருவிலிருந்து அது 5.6 ஆம்பியர் இழுக்கிறது. உங்கள் வீட்டில் உயர்ந்த வோல்டேஜுக்கான விலையை அந்த லைனின் மற்ற வீடுகளும் சேர்ந்து கொடுக்கின்றன. எல்லா வீட்டிலும் ஸ்டெபிலைசர் வந்தால் லைன் இன்னும் சரியும். லைனின் நோய்க்கு மருந்து தடித்த கம்பி, கிட்டத்தில் இன்னொரு டிரான்ஸ்ஃபார்மர், மூன்று ஃபேஸுக்கும் வீடுகளைச் சமமாகப் பிரித்துப் போடுவது.

பல்லின் எண்ணிக்கையை எவ்வளவு சாமர்த்தியமாகத் தேர்ந்தாலும் அது பல் பூட்டை மட்டுமே திறக்கும். 150 வோல்ட்டில் முறுக்குவிசை 43 சதவீதம்தான், அதை 57 ஆக்க எந்தப் பகா எண்ணாலும் ஆகாது. தொழிற்சாலையில் 22 என்று தேர்ந்தெடுத்தவர் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டார். மீதிப் பங்கு தெருக் கம்பியிலும் வீட்டு வயரிலும் இருக்கிறது.